அனுப்பியவரே தேடட்டும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது எம் முன்னோர் வாக்கு. இன்று அதனோடு இன்னுமொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது: வங்கியிலே போட்டாலும் பார்த்துப் போடு. ஆற்றிலே போட்டது எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. வங்கியிலே போட்டது எங்கே போயிற்று என்று கேட்டு அலைபவர்களோ எம்மிடையே ஏராளம்.

நட்டஈடு, நிவாரணம், உர மானியம், அஸ்வெசும கொடுப்பனவு, ஊழியர் சேமலாப நிதி, பிடித்து வைத்த பணத்தின் மீளளிப்பு என எல்லாமே இன்று வங்கிக் கணக்கினூடாகவே வருகின்றன. 2016 ஆம் ஆண்டில் நெற்செய்கைக்கான உர மானியம் பணமாக விவசாயியின் கணக்கில் இடப்பட்டது. 2023 இல் ஆரம்பமான அஸ்வெசும திட்டத்துக்கும் வங்கிக் கணக்கு அவசியமாயிற்று. இம்மாற்றத்தை நாம் குறை கூறவில்லை. கையில் பணம் கொடுத்த காலத்தில், கொடுப்பவர் கையிலே கொஞ்சம் ஒட்டிக்கொண்டதை நாம் மறக்கவில்லை. வங்கி வழியாக வரும் பணத்தில் இடைத்தரகர் கை வைப்பது கடினம். அது நல்லதே.

ஆனால் பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டால் என்ன செய்வது? அனுப்பிய காரியாலயத்தில் கேட்டால், "போட்டாயிற்று, வங்கியில் கேளுங்கள்" என்கிறார்கள். வங்கியில் கேட்டால், "எமக்கு வரவில்லை, அனுப்பியவரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். இவ்விரண்டு வாசல்களுக்குமிடையே பஸ்ஸில் போய்வருபவர் விவசாயிதான். பூனாகலையிலிருந்தோ கொஸ்லந்தையிலிருந்தோ பண்டாரவளைக்கு ஒரு தடவை வந்து போனால் தோட்டத்தில் ஒரு நாள் பேர் போய்விடும். மூன்று தடவை வந்தால், தேடும் பணத்தில் ஒரு பங்கு தேடுவதிலேயே கரைந்துவிடும். பலர் நான்காம் தடவை வருவதில்லை. அவர்கள் வராமல் விட்டதும் கோப்பு மூடப்படுகிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கே இது அதிகம் நேர்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயா சுரங்கப்பாதையில் நீர்க்கசிவு ஏற்பட்டு, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தையே உலுக்கியது. ஒவ்வொரு அழிவின் பின்னரும் பதிவுகள், படிவங்கள், கணக்கிலக்கங்கள். முகாமில் மேசையொன்றைப் போட்டு, வரிசையில் நிற்பவர்களின் விபரங்களை ஒருவர் எழுதுகிறார். அதைப் பார்த்து இன்னொருவர் கணினியில் பதிகிறார். வங்கிப் புத்தகம் மண்ணுக்கடியில் கிடக்க, இலக்கத்தை நினைவிலிருந்து சொல்பவரும் உண்டு. ஒன்று ஏழாகவும், மூன்று எட்டாகவும் மாற இதைவிட என்ன வேண்டும்?

பணம் எங்கே கிடக்கும்?

தேடுவதற்கு முன், பணம் எப்படிப் போகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஒரு காரியாலயம் பலருக்கு ஒரே தடவையில் பணம் அனுப்பும்போது, ஒவ்வொருவருக்கும் வங்கியின் இலக்கம், கிளையின் இலக்கம், கணக்கின் இலக்கம் ஆகியவற்றை எழுதி அனுப்புகிறது. உதாரணமாக, இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. பெயரும் எழுதப்படுகிறது. ஆனால் பணத்தை இழுத்துச் செல்லும் மாடு இலக்கமே. பெயர் பெரும்பாலும் வண்டியின் பின்னால் கட்டிய பலகை மாத்திரமே.

எனவே இலக்கம் பிழைத்தால் பணம் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, அப்படியொரு கணக்கே இல்லையென்றால் பணம் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். அங்கே எவரும் கவனிக்காவிட்டால் அக்காரியாலயத்தின் கணக்கிலேயே தூங்கும். "போட்டாயிற்று" என்று சொல்பவர், அது திரும்பி வந்ததைப் பார்த்திருக்கமாட்டார்.

இரண்டாவது, உங்களுடைய பழைய கணக்கொன்றுக்குப் போயிருக்கலாம். இடம்பெயரும் முன் வேறு ஊரில் திறந்து, மறந்துபோன கணக்கு அது. இதில் ஒரு கால எல்லையும் உண்டு. பத்து ஆண்டுகள் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கிலுள்ள பணம், கைவிடப்பட்ட ஆதனமாகக் கருதப்பட்டு இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படும். பணம் அழிந்துபோவதில்லை. உரியவர் தமது வங்கியினூடாக உரிமை கோரிப் பெறலாம். ஆனால் கேட்க வேண்டும். 2014 இல் வீட்டைவிட்டு ஓடிவந்தபின் தொடாத கணக்குக்கு 2024 இல் பத்து ஆண்டு நிறைந்துவிட்டது என்பதை மனதிற்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முன்பின் அறியாத இன்னொருவரின் கணக்குக்குப் போயிருக்கலாம்.

நான்காவது, பணம் அனுப்பப்படவே இல்லாதிருக்கலாம். பட்டியலில் பெயர் இருக்கும், கொடுப்பனவு நடந்திருக்காது.

இந்நான்கில் எது என்று அறியாமல் வங்கி வங்கியாக ஏறி இறங்குவது வீண் வேலை. அதை அறியக்கூடியவர் ஒருவரே. அவர்தான் பணத்தை அனுப்பியவர். அவரிடமே அனுப்பிய திகதியும் இலக்கமும் உறுதிச்சீட்டும் உள்ளன.

ஓர் எழுத்தின் கதை

2016 பெப்ரவரியில் உலகமே பேசிய ஒரு திருட்டு நடந்தது. பங்களாதேஷ் மத்திய வங்கி, நியூயோர்க்கிலுள்ள பெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்த பணத்தைக் கணினி வழியே களவாட முயன்றார்கள். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்றது. 2 கோடி டொலர் எமது நாட்டுக்கு, ஷாலிக்கா பவுண்டேஷன் என்ற நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அனுப்பியவர்கள் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு 'பண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். இடையிலிருந்த வங்கி, இதென்ன சொல் என்று கேள்வி எழுப்பியது. கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. 2 கோடி டொலரும் திரும்பிச் சென்றது. பிலிப்பைன்ஸ் சென்றதிலோ, அந்த ஆண்டு முடியும்போது சுமார் 1 கோடியே 50 இலட்சம் டொலர் மாத்திரமே மீண்டது.

ஒருவர் பெயரை வாசித்தார்; பணம் தப்பியது. இதுவே இச்சம்பவம் தரும் பாடம்.

இதே எழுத்துப் பிழை எமது தோட்டங்களில் என்ன செய்கிறது? 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏற்படுத்தப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தன் வேதனத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். இது நாட்டின் மிகப் பெரிய ஓய்வுகாலச் சேமிப்பு. ஆனால் தோட்டத்துப் பதிவேட்டில் இராமசாமி ஒருவிதமாகவும், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருப்பார். தகப்பன் பெயர் முன்னுக்குப் போயிருக்கும். அல்லது தகப்பன் பெயரே அவர் பெயராகியிருக்கும். 2016 முதல் அடையாள அட்டை இலக்கமும் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் என்ற நிலையிலிருந்து பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. தோட்டங்களை 1970களில் அரசு எடுத்தது. 1992 இல் கம்பனிகளிடம் கொடுத்தது. தொழில்தருநர் மாறியபோது அங்கத்துவ இலக்கங்களும் மாறின. ஒரே மனிதர் ஏட்டிலே மூன்று மனிதராக இருப்பது எமக்குப் புதிதல்ல.

பெரும் பணம் போகும்போது எழுத்துப் பிழை காவலாக நிற்கிறது. ஏழைத் தொழிலாளியின் பணம் வரும்போது அதே எழுத்துப் பிழை கதவை அடைக்கிறது. முதலாவதில் பிழையைக் கண்டவர் உடனே கேட்டு எழுதினார். இரண்டாவதில் பிழையைக் கண்டவர் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழிலாளி வரும்வரை காத்திருக்கிறார். வித்தியாசம் எழுத்தில் இல்லை. கேட்டு எழுதும் மனதில்தான் உள்ளது.

யார் தேட வேண்டும்?

எமது கருத்து இதுவே: தவறான கணக்குக்குப் போன பணத்தைத் தேடும் பொறுப்பு அனுப்பியவருடையது. பெற வேண்டியவருடையது அல்ல.

இது இரக்கத்துக்காகக் கேட்பதல்ல. நியாயம் அதுதான். கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு நீங்கள் கிழங்கு அனுப்புகிறீர்கள். வியாபாரி உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, "நான் கொடுத்துவிட்டேன், அந்த ஆளைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? அந்நியனுக்குக் கொடுத்ததால் எனக்குள்ள கடன் தீராது. வியாபாரிக்கு உள்ள இந்த நியாயம் காரியாலயத்துக்கும் கம்பனிக்கும் உண்டு.

பெரிய இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. 2020 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லொன் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி மாத்திரம் அனுப்பப் போய், ஏறக்குறைய 90 கோடி டொலரைத் தவறுதலாக அனுப்பிவிட்டது. சுமார் 50 கோடி டொலரைப் பெற்றவர்கள் திருப்பித்தர மறுத்தார்கள். 2021 இல் கீழ் நீதிமன்றம் பெற்றவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த இரண்டு ஆண்டுகளும் பணத்தைத் தேடி அலைந்தது யார்? அனுப்பிய வங்கியே. தன் பணம் தொலைந்தால் வங்கி தானே தேடுகிறது. குடியானவன் பணம் தொலைந்தால் குடியானவனைத் தேடச் சொல்கிறது.

அயல்நாடான இந்தியாவில் 2017 இல் நடந்ததையும் பாருங்கள். தொலைபேசி இணைப்புக்காக அடையாளத்தை உறுதி செய்தவர்களுக்கு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டிருந்தது. சமையல் எரிவாயு மானியம் அக்கணக்குகளுக்குப் போயிற்று. தம் வழமையான வங்கியில் பணம் வரவில்லையென்று சனங்கள் தவித்தனர். 23 இலட்சத்துக்கும் அதிகமானோரின் மானியம் இவ்வாறு திசைமாறியதாகத் தெரியவந்தது. ஆதார் அதிகாரசபை தலையிட்டு, டிசம்பரில் அந்நிறுவனத்தின் அடையாள உறுதிப்படுத்தும் அனுமதியை இடைநிறுத்தியது. ஏறக்குறைய 190 கோடி ரூபாவைப் பழைய கணக்குகளுக்கே திருப்பி அனுப்ப நிறுவனம் இணங்கியது. இருபத்து மூன்று இலட்சம் பேரும் தனித்தனியே வரிசையில் நிற்கவில்லை. தவறு நடந்த இடத்திலிருந்தே பணம் திரும்பியது. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

"விவசாயியே பிழையான இலக்கத்தைத் தந்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று உத்தியோகத்தர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அப்படியானால் பிழையில் விவசாயிக்கும் பங்குண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பிழை யாருடையதாக இருந்தாலும், எந்த இலக்கத்துக்குப் பணம் போயிற்று என்ற ஏடு காரியாலயத்திலேயே இருக்கிறது. இருட்டில் தொலைத்தவரைத் தேடச் சொல்லி, விளக்கை நாம் வைத்துக்கொள்வது முறையா? தவிரவும், படிவத்தை நிரப்பியவர் பெரும்பாலும் விவசாயி அல்ல. அவர் கையெழுத்து வைத்தவர் மாத்திரமே.

"உடனே மீண்டும் கொடுத்தால் இரண்டு தடவை பெறுபவர்கள் உருவாவார்களே" என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் உண்மையே. ஆகவே உடனே கொடுக்கச் சொல்லவில்லை. உடனே தேடச் சொல்கிறோம். வங்கியின் எழுத்து மூலமான பதில் கிடைத்ததும், பணம் உரியவருக்குச் சேரவில்லை என்பது உறுதியாகும். அதன்பின் தாமதிக்க நியாயமில்லை.

பெற்றவருக்கும் ஒரு சொல்

இடம்பெயர்ந்த எம் மக்களில் சிலரின் கணக்குக்கும் வேறொருவர் பணம் வந்திருக்கலாம். வராத அதிர்ஷ்டம் வந்தது என்று எண்ண வேண்டாம். 2021 இல் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஒருவரின் கணக்கில் வங்கியின் தவறால் ஐந்தரை இலட்சம் ரூபா வந்தது. பிரதமர் தருவதாகச் சொன்ன பணத்தின் முதல் தவணை இதுவென்று நினைத்துச் செலவழித்துவிட்டதாகக் கூறி, அவர் திருப்பித்தர மறுத்தார். பொலிசார் அவரைக் கைது செய்தனர்.

எமது நாட்டில் நிலைத்துள்ள உரோம-டச்சுச் சட்டத்தில், கடமையில்லாமல் தவறுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை பழங்காலந்தொட்டு உண்டு. தண்டனைச் சட்டக் கோவையின் 386 ஆம் பிரிவு, பிறருடைய அசையும் பொருளை நேர்மையீனமாகத் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமென்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அந்தப் பணத்தைத் தேடி இன்னொரு தாய் பஸ்ஸுக்குக் காசு கடன் வாங்கிக்கொண்டிருப்பாள். அறியாத பணம் வந்தால் தொடாதீர்கள். அன்றைக்கே வங்கி முகாமையாளருக்கு எழுதிக்கொடுத்துப் பிரதியில் ஒப்பமும் முத்திரையும் பெறுங்கள். பின்னர் எவரும் உங்கள்மேல் பழி சொல்ல இயலாது.

செய்ய வேண்டியவை

பணம் வரவில்லை என்று கண்டதும், முதலில் உங்கள் வங்கிப் புத்தகத்தை இற்றைப்படுத்துங்கள். பழைய கணக்குகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். வந்த பணத்தை வரவில்லையென்று சொல்லிப் போனால், அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து, அனுப்பிய காரியாலயத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்ட கேள்விக்கு வாயாலேயே பதில் வரும். அது காற்றோடு போகும். அனுப்பிய திகதி, தொகை, வங்கி, கிளை, அனுப்பிய கணக்கிலக்கம், கொடுப்பனவின் தொடரிலக்கம் ஆகிய ஆறையும் கேளுங்கள். வந்த இலக்கத்தை உங்கள் புத்தகத்து இலக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிள்ளைகளைக்கொண்டு சத்தமாக வாசிப்பியுங்கள். பிழை எங்கேயென்று அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

அரச காரியாலயம் பதில் தராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே கேள்வியைக் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறிவிட்டது.

பணம் இன்னொருவர் கணக்கில் இருப்பது தெரிந்தால், அவர் பெயரை வங்கியிடம் கேட்டுச் சண்டையிட வேண்டாம். வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்க வங்கித்தொழில் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கணக்கின் இரகசியத்தைக் காப்பதும் அதே சட்டமே. பணத்தை மீட்டுத்தருமாறு அனுப்பிய காரியாலயமே வங்கிக்கு எழுத வேண்டும். அக்கடிதத்தின் பிரதியை மாத்திரம் கேட்டு வாங்குங்கள்.

தவறு வங்கியுடையதானால், முதலில் அந்த வங்கிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதில் திருப்தியில்லையேல், 2020 இல் இலங்கை மத்திய வங்கி அமைத்த நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. நிதியியல் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். தாமதிக்க வேண்டாம், வழக்குகளுக்குச் சட்டத்தில் கால எல்லை உண்டு.

நாம் கேட்பவை

கொடுப்பவர்களிடம் நாம் கேட்பவை மூன்றே. ஒன்று, கணக்கிலக்கத்தைப் பதிந்தபின் அதை அச்சிட்டு, உரியவரிடம் தமிழில் வாசித்துக்காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். பிரித்தானிய வங்கிகள் 2020 முதல் பணம் அனுப்புமுன் பெயரையும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கணினி செய்யும் அந்த வேலையை, எமது கிராமத்தில் ஒரு துண்டுக் காகிதமும் இரண்டு நிமிடப் பொறுமையும் செய்யும்.

இரண்டு, திரும்பி வந்த கொடுப்பனவுகளின் பட்டியலை மாதந்தோறும் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் காரியாலயத்திலும் போடுங்கள். பெயரும் தொகையும் வேண்டாம். விண்ணப்பத்தின் இலக்கம் போதும். பணம் திரும்பி வந்தது காரியாலயத்துக்கு மாத்திரம் தெரிந்த இரகசியமாக இருக்கக்கூடாது.

மூன்று, பணம் வரவில்லை என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால், வங்கிக்கு எழுதுவது உங்கள் கடமையென்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்துக்கு உங்களுக்கு ஆகும் செலவு ஒரு முத்திரை. அதைச் செய்யாதுவிட்டால் அவருக்கு ஆகும் செலவு ஒரு வாரக் கூலி.

எம் மக்களிடமும் ஒன்று கேட்கிறோம். தனியே அலையாதீர்கள். ஒரே முகாமில், ஒரே படிவத்தில், ஒரே கையெழுத்தால் பதியப்பட்டவர்களுக்கு ஒரே விதமான பிழை நேர்ந்திருக்க இடமுண்டு. பத்துக் குடும்பங்கள் தம் இலக்கங்களை ஓரிடத்தில் எழுதிப் பார்த்தால் பிழையின் தடம் தெரியும். ஒருவர் சங்கத்தின் சார்பில் கடிதத்தோடு போகலாம். மற்ற ஒன்பது பேர் தோட்டத்தைப் பார்க்கலாம்.

மண் போனதை எவராலும் திருப்பித்தர இயலாது. பணம் அப்படிப்பட்டதல்ல. அது எங்கோ ஓர் ஏட்டில் ஒரு வரியாக, இலக்கத்தோடும் திகதியோடும் எழுதப்பட்டே இருக்கிறது. அந்த ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டியவர், அதை எழுதியவரே. அவர் திறக்கும்வரை கேட்பது எமது உரிமை.